வண்டித் தடமும் வனமும்

(விருத்தாசலத்தில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இத்தகைய கூட்டங்களில் நாம் பாதை போடுவதைப் பற்றிப் பேசுவதே வழக்கம். எந்த ஊராட்சிக்குச் சென்றாலும் முதலில் வருவது பாதை மனு. அடுத்து வருவது குடிநீர் மனு. அதற்கும் அடுத்து வருவது மீண்டும் பாதை மனு. மனு வாங்கி வாங்கி நமக்கும் அதுவே பழகிவிட்டது. இன்றோ பாதையை அடைப்பதைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். கிணறு வெட்டப் பழகியவனைக் கிணறு தூர்க்கச் சொன்னது போன்ற நிலைமைதான் இது. ஆயினும் விஷயம் முக்கியமானது. சில காலமாகக் காட்டோரத்து ஊர்களிலிருந்து, "எங்கள் பாதையின் குறுக்கே பள்ளம் வெட்டிவிட்டார்கள், டிராக்டர் போக வழியில்லை" என்னும் முறையீடுகள் வந்தவண்ணம் இருக்கின்றன. முறையிடுவோர் கோபத்தோடுதான் வருகிறார்கள். அக்கோபத்தில் நியாயம் எவ்வளவு, நியாயம் அல்லாதது எவ்வளவு என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். காட்டுப் பாதை என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் இரண்டு பொருள்கள். ஒன்று கால் நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை. மற்றொன்று சக்கரம் உருண்டு உண்டான தடம். முன்னது புல்லை ஒதுக்குகிறது. பின்னது மண்ணை மாற்றிவிடுகிறது. இந்த வேறுபாட்டை இந்த ஊரார்க்கு விளக்குவது எளிது. பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை செய்வோர் இங்கே சிலர் அமர்ந்திருக்கிறீர்கள். பலருடைய வீட்டுப் பிள்ளைகள் அத்தொழிலில் இருக்கிறார்கள். வெள்ளைக் களிமண்ணை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஊறவைத்து, கல்லும் தூசியும் நீக்கி, நீரைப் பிழிந்து, பிசைந்து, உள்ளே ஒரு காற்றுக்குமிழும் தங்காதபடி இறுக்குகிறீர்கள். குமிழ் தங்கிவிட்டால் பொருள் பழுதாகிவிடும். எனவே பியூஸ் கட்டை செய்தாலும், பொம்மை செய்தாலும், அகல் விளக்கு செய்தாலும், மண்ணுக்குள் இடைவெளியே இருக்கக்கூடாது என்பது உங்கள் தொழிலின் முதற்பாடம்.

காட்டு மண்ணின் பாடம் இதற்கு நேர்மாறானது. அங்கே இடைவெளியே செல்வம். மண்புழு துளைத்த துளை, அழுகிய வேர் விட்டுச்சென்ற குழாய், கறையான் வழி, உதிர்ந்த சருகுக்கும் மண்ணுக்கும் இடையேயுள்ள பஞ்சு போன்ற அடுக்கு ஆகிய இவைதாம் மழைநீரைக் குடித்து, மெல்ல மெல்லக் கீழே இறக்கி, கோடையிலும் ஊற்றாக வெளிவிடுகின்றன. சருகு மூடிய மண்ணில் பெருமழை பெய்தாலும் நீர் கலங்குவதில்லை, ஓடுவதும் குறைவு. அதே இடத்தில் ஒரு டிராக்டரோ ஜீப்போ ஈரத்தில் ஏறி இறங்கினால், பீங்கான் தொழிலாளி பிசைந்த களிமண் போல் அந்த மண் இறுகிவிடுகிறது. இதில் பலர் அறியாத ஒரு நுட்பம் உண்டு. நூறு முறை வண்டி போனால் நூறு பங்கு கெடுதி என்று கணக்கிடக் கூடாது. ஈர மண்ணில் முதல் சில ஓட்டங்களிலேயே பெரும்பகுதி இறுக்கம் நேர்ந்துவிடுகிறது. "ஒரு நாள்தானே போனோம், ஒரே ஒரு வண்டிதானே" என்று சொல்வது ஆதலால் சமாதானம் ஆகாது. இறுகிய மண் தானாக இளகப் பல பத்தாண்டுகள் ஆகும்.

அதன் பின் நடப்பது விவசாயிக்கு நன்கு தெரிந்த கதை. இறுகிய இரு கோடுகளிலும் நீர் இறங்காது, ஓடும். ஓடும் நீர் மண்ணை அரிக்கும். சக்கரத் தடம் வாய்க்கால் ஆகும். வாய்க்கால் பள்ளம் ஆகும். பள்ளத்தைத் தவிர்க்க அடுத்த வண்டிக்காரர் பக்கத்தில் ஒரு புதிய தடம் போடுவார். நம் வட்டாரத்துச் செம்மண் மேடுகளில், முந்திரித் தோப்புகளின் இடையே, இவ்வாறு இரண்டு மூன்று தடங்கள் பக்கம்பக்கமாகக் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தைலமரம் வெட்டி ஏற்றிய லாரிகள் போன வழியை மழைக்குப் பின் பார்த்தால் சொல்லவே வேண்டியதில்லை. மண்ணரிப்பு மட்டுமன்று, டயரில் ஒட்டிய சேற்றோடு பார்த்தீனிய விதை காட்டுக்குள் போகிறது, வெளிச்சம் விழும் பாதையோரத்தில் உண்ணிச்செடி அடர்கிறது, அது காய்ந்த கோடையில் எவரோ எறிந்த பீடித்துண்டு போதுமானதாகிறது.

இதையெல்லாம் நாம் புத்தகத்தில் படித்துச் சொல்வதாக நினைக்கவேண்டாம். நாமே செய்த பிழையிலிருந்து கற்றது. அதை மறைக்காமல் சொல்வது இந்தப் பேச்சுக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாவட்டத்தில், மலையடிவாரத்து வட்டாரம் ஒன்றில் பணிபுரிந்தோம். அங்கே ஓர் ஊரின் பின்புறம் காப்புக் காட்டின் எல்லை. ஊரார் புளியும் சீத்தாப்பழமும் சேகரிக்கத் தலைச்சுமையாய் நடந்துபோன ஒரு வழி எல்லை வரை சென்றது. "இதை அகலப்படுத்திக் கொடுங்கள், டிராக்டர் வந்தால் சுமை குறையும்" என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. அன்றைய நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆட்களை வைத்து, ஊர்ப் புறம்போக்கில் காட்டெல்லை வரை மண் வெட்டிக் கிராவல் பரப்பினோம். நீளம் குறைந்தால் செலவு குறையும் என்று சரிவின் மேல் நேர்கோடாகப் போட்டோம். வளைத்துப் போட்டிருக்கவேண்டும். குறுக்கு வடிகால் ஒன்றுகூட வைக்கவில்லை. புகைப்படம் எடுத்து அறிக்கையும் அனுப்பினோம். பாராட்டும் வந்தது.

முதல் ஆண்டு புளி ஏற்ற டிராக்டர் வந்தது. அடுத்த ஆண்டு யாருடையது என்று தெரியாத லாரி இரவில் வந்தது. அதன் பின் பட்டணத்திலிருந்து விடுமுறை நாட்களில் இளைஞர்கள் ஜீப்பிலும் மோட்டார் சைக்கிளிலும் வரத் தொடங்கினார்கள். நாம் போட்ட பாதை எல்லையில் நின்றது, அவர்கள் நிற்கவில்லை. காட்டுக்குள் செங்குத்தாக ஏறிப் பார்ப்பதுதான் அவர்களுக்கு விளையாட்டு. ஊர்ப் பிள்ளைகள் அதை வேடிக்கை பார்க்கக் கூடினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஒரு தேநீர்க் கடைகூட முளைத்தது. மூன்றாவது பருவமழையில் தடம் இடுப்பளவு பள்ளமாயிற்று. நாம் பரப்பிய கிராவல் முழுவதும், அதோடு காட்டு மேல்மண்ணும், ஏரியின் வரத்து வாய்க்காலில் வந்து படிந்தன. மதகு அடைத்துக்கொண்டது. ஏரி நிறைந்தது போல் தோன்றியது, நிறைந்தது வண்டல். கடைமடை ஆயக்கட்டுதாரர்களுக்குச் சம்பா நடவுக்குப் பின் இரண்டு தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

அப்போது ஒரு மூதாட்டியார் நம்மைப் பார்த்து, "ஐயா, நீங்கள் எங்களுக்கு ரோடு போடவில்லை, ஓடை வெட்டிக் கொடுத்தீர்கள்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வது போல் சொன்னார்.

அதன் பின் பாதையை அடைக்க முற்பட்டோம். வனத்துறையினரோடு கலந்து, காட்டெல்லையில் ஆழமான பள்ளம் வெட்டினோம். பத்து நாளில் யாரோ இரவில் தூர்த்துவிட்டார்கள். மீண்டும் வெட்டினோம், மீண்டும் தூர்ந்தது. பட்டணத்து ஜீப்காரர்களின் வேலை என்று எண்ணிக் கடிதமெல்லாம் எழுதினோம். விசாரித்தால், தூர்த்தவர்கள் புளி எடுக்கும் பெண்கள்! தலைச்சுமையோடு அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏற முடியாமல், கையால் மண் தள்ளி ஒரு வழி செய்துகொண்டார்கள். அவர்கள் திறந்த வழியில் ஜீப் நுழைந்தது. அடைப்பதற்கு முன் நாம் அவர்களைக் கேட்கவே இல்லை. கூட்டத்தில் பேசியவர்களெல்லாம் டிராக்டர் வைத்திருந்தவர்களும் டிராக்டர் வாங்க விரும்பியவர்களுமே. நடப்பவர்கள் கூட்டத்திற்கு வரவில்லை, காட்டுக்குப் போயிருந்தார்கள்.

பிறகு ஒரு நாள் காலையில் அப்பெண்களோடு நாமும் வனக்காப்பாளரும் நடந்தோம். சரிவை ஒட்டி வளைந்து வளைந்து செல்லும் ஒரு பழைய ஒற்றையடிப் பாதையை அவர்களே காட்டினார்கள். அதை நடப்பவர்களுக்கு விட்டு, இரு கற்களை நெருக்கமாக நட்டு, ஆளும் ஆடும் நுழையலாம், சக்கரம் நுழையாது என்னும்படி செய்தோம். சுமையை இறக்கி வைக்க எல்லைக்கு இப்புறம் ஒரு மேடை. டிராக்டர் அங்கே வந்து நிற்கும். நேர்கோட்டுத் தடத்தில் பள்ளம் வெட்டி, அதன் மேல் குறுக்கே கல்வரப்புகள் போட்டு, முள் அடைத்தோம். அந்தப் பள்ளத்தை அதன் பின் எவரும் தூர்க்கவில்லை. தேநீர்க் கடைக்காரர் மட்டும் நம்மிடம் ஓராண்டு பேசவில்லை. நாம் மாறுதலாகி வந்தபோது தடத்தின் நடுவே ஆவாரம் பூத்திருந்தது. சக்கரம் பதிந்த இரு கோடுகள் அப்போதும் வெறுமையாகவே கிடந்தன.

நிற்க. இது எங்கோ மலையடிவாரத்துச் சங்கதி, சமவெளியில் இருக்கும் நமக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். நம் ஊர் வழியே செல்லும் மணிமுத்தாற்றின் பிறப்பிடம் கல்வராயன் மலை. கோமுகி பிறப்பதும் அங்கேதான். கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலைச்சரிவில் ஒரு தடம் அரித்தால் அந்த மண் அங்கேயே தங்கிவிடுவதில்லை. ஆற்றுக்கும் ஏரிக்கும் இறங்கி வருகிறது. கொளஞ்சியப்பர் சன்னிதியில் பிராது எழுதிக் கட்டும் வழக்கம் நம் வட்டாரத்தார் யாவரும் அறிந்ததே. மனிதர்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் பிராது கட்டுகிறார்கள். ஏரிக்கு எழுதத் தெரியாத குறையால் நம்மில் பலர் தப்பித்து வருகிறோம்.

இனி, அண்மைக் காலத்தில் நம் மாநிலத்தில் நடந்த சில அடைப்புகளைப் பார்ப்போம். ஈரோடு மாவட்டம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஊடே பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் மலைச்சாலை 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. அது தார்ச்சாலை, தேசிய நெடுஞ்சாலை. காட்டுத் தடம் அன்று. எனினும் வண்டிக்கும் வனத்துக்கும் உள்ள வழக்கு எவ்வாறு நடந்தது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. இரவில் வாகனங்களில் அடிபட்டு வனவிலங்குகள் இறந்தமையால், இரவுப் போக்குவரத்தை நிறுத்த மாவட்ட ஆட்சியர் 2019ஆம் ஆண்டில் ஆணை பிறப்பித்தார். அது நடைமுறைக்கு வராமல் கிடந்தது. 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாணையைச் செயற்படுத்துமாறு கூறிற்று. மலைமேல் தாளவாடிப் பகுதியில் காய்கறி பயிரிடும் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் சொன்னது என்ன? "மாலையில் பறிக்கும் காய் காலைச் சந்தைக்குப் போகவேண்டும், இரவில் சாலையை அடைத்தால் காய் எங்கள் வீட்டிலேயே அழுகும்" என்றார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் நீதிமன்றம் தன் ஆணையைத் திருத்தி, உள்ளூர் மக்களின் வாகனங்களுக்கு விலக்கு அளித்தது. பெரும் பார வண்டிகளுக்கு எடைவரம்பு விதித்தது. வெளியூர் சரக்குந்து குறுக்கு வழியாக வந்து மலையை நசுக்குவது வேறு. மலையில் வாழ்பவன் தன் விளைவை இறக்குவது வேறு என்னும் பாகுபாடு இறுதியில்தான் வந்தது. முதலிலேயே வந்திருந்தால் இரண்டு மாத அலைச்சல் மிஞ்சியிருக்கும் என்பது நமது அபிப்பிராயம். முதுமலையை அடுத்த கர்நாடகத்துப் பந்திப்பூரிலும் 2009 முதல் இரவு 9 மணிக்கு மேல் காலை 6 மணி வரை போக்குவரத்து நிறுத்தப்பட்டிருக்கிறது என்பது கூடலூர்ப் பக்கம் லாரி ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

நடைப் பாதை அடைக்கப்பட்ட வரலாறு ஒன்றும் உண்டு. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த துயரம் உங்களுக்கு நினைவிருக்கும். அவ்வாண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகள் வந்தன. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் மாநில அரசு 40 வழிகளைத் தேர்ந்து, முன்பதிவோடும் வழிகாட்டிகளோடும் மட்டுமே செல்லலாம் என்று திறந்துவிட்டது. வழிகாட்டிகளாக மலைவாழ் இளைஞர்களைப் பயிற்றுவித்திருக்கிறார்கள். தீ பற்றும் கோடைத் தொடக்கத்தில் இவ்வழிகளும் மூடப்படும். அடைத்தல் என்றால் என்றென்றைக்கும் பூட்டுப் போடுவது என்று பொருளில்லை. எவருக்கு, எக்காலத்தில், எதன்மேல் ஏறி என்று வரையறுப்பதும் அடைத்தலே.

அமெரிக்க நாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. அங்கே பொதுக்காடுகளில் பாதையில்லாத இடத்திலும் ஜீப்பும் மோட்டார் சைக்கிளும் ஓட்டுவதைப் பெரியதொரு பொழுதுபோக்காகவே கொண்டிருக்கிறார்கள். அதனால் வந்த கேட்டைக் கண்டு 1972ஆம் ஆண்டில் அதிபர் நிக்சன் ஓர் ஆணையிட்டு, இத்தகைய வண்டிகள் செல்லக்கூடிய இடம் எது, கூடாத இடம் எது என்று பிரித்து வரையறுக்கச் சொன்னார். 1977இல் அதிபர் கார்ட்டர், கண்கூடாகக் கேடு நேர்ந்தால் அவ்விடத்தை உடனே மூடுமாறு அதைக் கடுமையாக்கினார். பிறகு 2005ஆம் ஆண்டு அந்நாட்டு வனத்துறை, குறிக்கப்பட்ட சாலையிலும் தடத்திலும் மட்டுமே மோட்டார் வண்டி ஓடலாம், அவற்றை வரைபடத்தில் அச்சிட்டுப் பொதுமக்களுக்குத் தரவேண்டும், குறிக்குமுன் பொதுமக்களையும் உள்ளாட்சிகளையும் கலந்துகொள்ளவேண்டும் என்று விதி செய்தது. அங்கும் வழக்கும் கூச்சலும் குறைவில்லை. எனினும் "அடைத்ததைச் சொல்லும் பலகை" என்பதற்குப் பதில் "திறந்திருப்பதைச் சொல்லும் வரைபடம்" என்ற அந்த எண்ணம் நமக்குப் பிடித்திருக்கிறது. நம் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு படம் மாட்ட அமெரிக்காவின் அனுமதி தேவையில்லை.

இப்போது எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாகவேண்டும். இல்லாவிடில் நாம் காட்டின் வக்கீல் ஆகிவிடுவோம். 2023ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு தீண்டிய ஒரு குழந்தையை உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்க்க இயலாமல் போயிற்று. சாலை இல்லாமையால் அக்குழந்தையின் உடலைத் தாயே சுமந்து நடந்தார். இச்செய்தியைப் படித்த எவரும் "காட்டுக்குள் பாதையே வேண்டாம்" என்று ஒரே மூச்சில் சொல்ல முடியாது. வாழும் ஊருக்குச் செல்லும் பாதை உயிர்ப் பாதை. கேளிக்கைக்கும் குறுக்கு வழிக்கும் திருட்டு ஏற்றுமதிக்கும் உண்டான தடம் வேறு. இவ்விரண்டையும் ஒரே மண்வெட்டியால் வெட்டுவது அநீதி. ஒரே மனுவில் சேர்த்து "எங்கள் பாதை" என்று கேட்பதும் அநீதியே.

சட்டம் இவ்வேறுபாட்டை அறியாததன்று. நம் மாநிலக் காடுகளை ஆள்வது 1882ஆம் ஆண்டின் வனச் சட்டம். காப்புக் காட்டினுள் உள்ள பொது வழியையோ தனியார் வழியையோ வனத்துறை, அரசின் அனுமதி பெற்று, அடைக்கலாம். ஆனால் வசதியான மாற்று வழி ஏற்கெனவே இருக்கவேண்டும், அல்லது அமைத்துத் தரப்படவேண்டும் என்று வெள்ளையர் காலத்திலேயே அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். காப்புக் காடாக அறிவிக்கும்போது ஊராரின் வழியுரிமைகளை விசாரித்துப் பதிவு செய்யும் முறையும் உண்டு. சரணாலயமாக இருப்பின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி நுழையலாகாது. பொது நெடுஞ்சாலை வழியே கடந்து செல்வோர்க்கும் உள்ளே நிலவுரிமை உடையோர்க்கும் விலக்கு உண்டு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமோ இன்னும் ஒருபடி மேலே சென்று, பள்ளி, மருந்தகம், குடிநீர், சாலை முதலிய 13 வகைப் பொது வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு பெற வழி வகுக்கிறது. கிராம சபையின் பரிந்துரை என்பதைக் கவனியுங்கள். வட்டார வளர்ச்சி அலுவலரின் பரிந்துரை என்று அதில் இல்லை.

ஆகவே மனுவோடு வருகிறவர்களிடம் நாம் முதலில் கேட்பது இதுதான்: அந்தப் பாதை எந்தக் கணக்கில் இருக்கிறது? வருவாய்த்துறைப் புலப்படத்தில் "வண்டிப்பாதை" என்று புறம்போக்காகக் காட்டப்பட்டிருக்கிறதா? காப்புக் காட்டு அறிவிக்கையில் வழியுரிமையாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா? அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு முன் லாரி போனதால் உண்டானதா? பெரும்பாலோர் மூன்றாவது கேள்விக்கு வரும்போது சற்று இருமுகிறார்கள். பதிவில் உள்ள பாதையை எவரேனும் அடைத்திருந்தால், மாற்று வழி கேட்டு எழுதுங்கள். நாமும் உடன் கையெழுத்திடுகிறோம். பதிவில் இல்லாததும், ஊர் எதற்கும் போகாததும், மழைக்குப் பின் மண் கரைவதுமான தடத்தை வனத்துறை அடைக்கும்வரை ஏன் காத்திருக்கவேண்டும்? ஊராட்சி நிலத்தில் உள்ள அதன் வாயை ஊராட்சியே அடைக்கலாம்.

அடைக்கும் முறையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏனெனில் இதில் பணம் வீணாவதைப் பார்த்திருக்கிறோம். பலகை மட்டும் நட்டால் பயன் இல்லை. பலகை இருக்கும், படித்துவிட்டு ஓட்டுவார்கள். தடத்தின் வாயில், அது சாலையிலிருந்து பிரியும் இடத்தில், பள்ளம் வெட்டி, வெட்டிய மண்ணை உட்புறம் கரையாகப் போடவேண்டும். இரு பக்கமும் மரமோ பாறையோ மேடோ இருக்கும் இடமாகப் பார்த்து வெட்டவேண்டும். வெட்டவெளியில் வெட்டினால் வண்டி சுற்றிக்கொண்டு போய்விடும், புதிய தடம் ஒன்று உண்டானதுதான் மிச்சம். தடம் சரிவில் இருந்தால் வாயை அடைப்பதோடு நிற்கக்கூடாது. மேலிருந்து கீழ்வரை குறுக்கே, சற்றுச் சாய்வாக, சிறு கல்வரப்புகளையும் மண்வரப்புகளையும் இட்டு, ஓடும் நீரைத் தடத்திலிருந்து பக்கத்துக் காட்டுக்குள் திருப்பிவிடவேண்டும். இறுகிய கோடுகளைக் கடப்பாரையாலோ மண்வெட்டியாலோ கொத்திவிட்டு, அவ்விடத்துச் சருகையும் வெட்டிய முட்கிளையையும் பரப்பினால் போதும். விதை தானே வரும். மரக்கன்று நடும் விழா வேண்டாம். இறுகிய மண்ணில் நட்ட கன்று புகைப்படம் எடுக்கும் வரைதான் நிற்கும். இவ்வேலை கோடை மழைக்கு முன் முடியவேண்டும். ஐப்பசியில் தொடங்கினால் நம் வேலையே ஏரிக்குள் போய்ச் சேரும்.

நடப்பவர்களுக்கு இடைவழி விடுவதை மறக்கக்கூடாது. அதன் அகலத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து தீர்மானிக்கவும் கூடாது. தலையில் விறகுக் கட்டோடு ஒரு பெண்மணியை அவ்வழியே நடக்கச் சொல்லிப் பார்த்து, அதன்பின் கல்லை நடுங்கள். கட்டு குறுக்காக இருந்தால் அகலம் போதாது என்பதை நாம் பார்த்துத்தான் கற்றோம்.

அடுத்த கிராம சபைக்கு ஒவ்வொரு காட்டோர ஊராட்சியும் ஒரு வரைபடம் கொண்டுவரவேண்டும் என்பது நமது வேண்டுகோள். பெரிய வேலை அன்று. புலப்படத்தின் நகலில், ஊருக்குப் போகும் பாதை, சுடுகாட்டுக்கும் கோயிலுக்கும் போகும் பாதை, மேய்ச்சலுக்கும் சுள்ளிக்கும் நடக்கும் வழி, எதற்கும் போகாத தடம் ஆகியவற்றைத் தனித்தனி நிறத்தில் கோடிடுங்கள். கோடிடுமுன் ஆடு மேய்ப்பவர், முந்திரி பொறுக்குபவர், விறகு எடுப்பவர் மூவரையாவது உடன் வைத்துக்கொள்ளுங்கள். வனச்சரகரையும் அழைத்திருக்கிறோம். கூட்டத்தை மாலையில் வைத்தால் காட்டுக்குப் போனவர்கள் திரும்பியிருப்பார்கள்.

முடிக்கும் வேளையில் தாய்மார் வரிசையிலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது. "தோப்புக்கு உள்ளே இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போகும் தடத்தை அடைத்தால், ஆடி மாதம் பொங்கல் வைக்க அண்டாவும் விறகும் எப்படிக் கொண்டுபோவது?" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. நடந்து போகும் வழி எக்காரணம் கொண்டும் அடைபடக் கூடாது. அதை வரைபடத்தில் முதற்கோடாக வரையுங்கள். சாமான் வண்டிக்கு, விழா நாளுக்கு மட்டும், முன்கூட்டியே ஊராட்சி மூலம் வனச்சரகருக்கு எழுதிக் கேட்போம். எத்தனை வண்டி, எந்தத் தேதி என்று குறிப்பிட்டு எழுதவேண்டும். அந்த ஒரு நாளுக்குப் பள்ளத்தின் மேல் போட்டு எடுக்கத்தக்க பலகைகளை ஊராட்சி வைத்துக்கொள்ளலாம். மழை பெய்து மண் ஈரமாக இருந்தால் மட்டும் வண்டியை எல்லையிலேயே நிறுத்தி, அண்டாவை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிச் செல்லுங்கள். கோயில் எந்த ஊராட்சியில் இருக்கிறது என்று சீட்டில் எழுதவில்லை; தேநீருக்குப் பின் அந்த அம்மையார் நம்மை வந்து பார்க்கட்டும், விண்ணப்பத்தை இன்றே எழுதிவிடலாம்.